பழைய அமெரிக்க ரேடியோ திகில் தொடர்களில் எது முதலில் வந்தது?

நள்ளிரவுக்காது
போன வாரம் இரவு பஸ்ஸில் தூக்கம் வராமல் 'லைட்ஸ் அவுட்' என்ற பழைய அமெரிக்க ரேடியோ நாடகம் ஒன்றைப் போட்டுக் கேட்டேன். பாதியில் இயர்போனைக் கழற்றிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் மூச்சு விடுகிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன், அவ்வளவு பயம். 1930-களில் இப்படியெல்லாம் செய்திருக்கிறார்கள்! இந்த வகை எங்கிருந்து ஆரம்பித்தது? 'தி ஷேடோ'தான் முதல் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்புறம், ஆரம்ப வருடப் பதிவுகள் ஏன் அகப்படவே மாட்டேன் என்கின்றன?

பழையவால்வுசெட்
நண்பர் சொல்வது பாதி சரி. 1930 ஜூலையில் 'தி ஷேடோ' ஒரு பாத்திரமே இல்லை, துப்பறியும் கதைப் பத்திரிகை ஒன்றின் விற்பனைக்காக அதன் கதைகளை ரேடியோவில் நடித்தபோது, இடையில் வந்து பேசும் வெறும் குரல். ஆனால் ஜனங்கள் கடையில் போய் "அந்த ஷேடோ பத்திரிகை கொடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி ஒரு பத்திரிகையே கிடையாது! பதிப்பாளர் சும்மா இருப்பாரா, 1931-இல் அந்தப் பெயரிலேயே ஒன்று தொடங்கிவிட்டார். அந்த ஷேடோவே கதாநாயகனாகி, மாயமாய் மறையும் லாமன்ட் கிரான்ஸ்டனாக 22 வயது நடிகர் ஆர்சன் வெல்ஸ் ரேடியோவில் வந்ததெல்லாம் 1937-இல்தான்.

திகிலுக்கென்றே வந்ததில் முதலில் சொல்ல வேண்டியது 'தி விட்சஸ் டேல்', 1931 மே, நியூயார்க் வட்டார டபிள்யூ.ஓ.ஆர். நிலையம். எழுதி இயக்கியவர் அலான்சோ டீன் கோல். நான்சி என்ற சூனியக்காரக் கிழவி சாத்தான் என்ற கறுப்புப் பூனையோடு உட்கார்ந்து கதை சொல்வாள். அந்தப் பூனையாக மியாவ் என்றவரும் கோல்தான். கிழவியாக நடித்த மூதாட்டி 1935-இல் இறந்ததும், அந்தக் குரலுக்கு வந்தது யார் தெரியுமா? மிரியம் வுல்ஃப், 13 வயதுச் சிறுமி. கேட்டால் சத்தியமாக நம்ப மாட்டீர்கள்.

முட்டைக்கோஸ்கொலையாளி
என் கட்சி 'லைட்ஸ் அவுட்'தான். 1934-இல் சிகாகோவில் வில்லிஸ் கூப்பர் ஆரம்பித்தார், 1936-இல் ஆர்ச் ஓபோலர் கைக்குப் போனது. நள்ளிரவு நேரம், ஸ்பான்சர் கிடையாது, அதனால் இவ்வளவு ரத்தம் வேண்டாம் என்று சொல்ல சோப்புக் கம்பெனிக்காரர் யாரும் இல்லை. தலையை வெட்ட வேண்டுமா, மைக் பக்கத்தில் முட்டைக்கோஸை வெட்டு. மின்சார நாற்காலியா, பன்றி இறைச்சியை வறு. ஒரு கதையில் மனிதன் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டப்படுகிறான், அதற்கு ஈர ரப்பர் கையுறையை மெதுவாக உரித்துக்கொண்டே பழக்கூடையை நசுக்கியிருக்கிறார்கள்.

நானும் ஆசைப்பட்டு மொபைலில் பதிவு செய்துகொண்டே முட்டைக்கோஸ் வெட்டினேன். பொரியலுக்கு நறுக்குகிற மாதிரிதான் கேட்டது. கத்தியை ஓங்கி ஒரே போடாகப் போட வேண்டும் போல.

பழையவால்வுசெட்
பதிவு விஷயத்தை மறந்துவிட்டேன். அன்றைக்கு எல்லாம் நேரலை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடிகாரம் சில மணி நேரம் பின்தங்கி இருக்கும், அங்குள்ளவர்களுக்காக அதே நாடகத்தைச் சில மணி நேரம் கழித்து மறுபடி நடிப்பார்கள், ஏனென்றால் பெரிய நெட்வொர்க்குகள் பதிவு செய்ததை ஒலிபரப்ப விடாது. தட்டில் பதிந்தவற்றையும் யாரும் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை. கோல் தன்னிடம் இருந்த தட்டுகளைத் தானே உடைத்துப் போட்டதாகச் சொல்வார்கள். வயிறு எரிகிறது. 1942 முதல் 1962 வரை ஓடிய 'சஸ்பென்ஸ்' அப்படியில்லை, அதில் பெரும்பகுதி கிடைக்கிறது.

கிறீச்கதவு
அமெரிக்காவிலேயே நிற்கிறீர்களே! பி.பி.சி. 1924 ஜனவரி 15 அன்றே 'டேஞ்சர்' என்ற நாடகத்தை ஒலிபரப்பியது. வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்து மூன்று பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பாத்திரங்களுக்கும் இருட்டு, கேட்பவனுக்கும் இருட்டு. தொடர் இல்லைதான், ஆனால் பின்னால் வந்தவர்களின் வித்தை அதிலேயே இருக்கிறது. தொடர் என்றே பார்த்தால் நீங்கள் சொன்னவை பெரும்பாலும் வாரம் ஒரு தனிக் கதை. கதையை இழுத்து இழுத்துத் தொங்கலில் விட்டது 1939-இல் வந்த 'ஐ லவ் எ மிஸ்டரி'.

1941-இன் 'இன்னர் சாங்டம்' கேட்டீர்களா? கதவு கிறீச்சிடும், ஒருவர் பிணங்களை வைத்து ஜோக் அடிப்பார், பிற்பாடு நடுவே ஒரு அம்மணி வந்து லிப்டன் டீ விற்பார். பயமும் சிரிப்பும் கலந்த அந்தக் கூத்து வேறு எங்கும் இல்லை.

நள்ளிரவுக்காது
நன்றி மக்களே. நேற்று 'சஸ்பென்ஸ்' வரிசையில் 1943-இன் 'சாரி, ராங் நம்பர்' கேட்டேன். படுக்கையில் கிடக்கும் பெண் போனில் தவறான இணைப்பில் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். அவளாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட் குரல் போகப் போக உடைவதை என்னவென்று சொல்ல! ஆனால் முதல் ஒலிபரப்பின் முடிவு எனக்குக் குழப்பமாக இருந்தது. அவள் செத்தாளா இல்லையா?

பழையவால்வுசெட்
உங்களுக்கு மட்டுமில்லை. கடைசி நொடியில் ஒரு நடிகர் க்யூவை, அதாவது தான் பேச வேண்டிய தருணத்தை, தவறவிட்டார், நேரலை ஆச்சே. கேட்டவர்கள் குழம்பிப்போய், அடுத்த வார நிகழ்ச்சியில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் மறுபடி நடித்தார்கள், அதைக் கேளுங்கள். பஸ்ஸில் வேண்டாம்.