மென் அமுக்க ஒட்சிசன் சிகிச்சை: அனுபவமுள்ளோர் உதவவும்

வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கும் என் அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகிறது. விரைவில் தேறலாம் என்று கூறி, ஒரு நிலையத்தில் 1.3 வளிமண்டல அமுக்கமுள்ள (சாதாரண காற்றமுக்கத்தின் 1.3 மடங்கு), ஸிப் (zip) வைத்த துணிக்கூடாரம் போன்ற அறைக்குள் மென் அமுக்க ஒட்சிசன் சிகிச்சைக்காகப் பத்து அமர்வுகள் இருக்கச் சொல்கிறார்கள். சுழியோடிகள் ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும்போது வரும் அமுக்கநோய்க்கும் ஆறாத நீரிழிவுப் புண்ணுக்கும் வைத்தியசாலைகளில் தரப்படுவது 2 முதல் 3 வளிமண்டல அமுக்கத்தில் தூய ஒட்சிசன் என்பதால், இரண்டையும் ஒன்றாகவே அவர்கள் பேசுவது எனக்கு உறுத்துகிறது. அமுக்கம் ஏறும்போது செவிப்பறை வலிக்கலாம் என்பதையும் சொல்லவில்லை; அம்மாவுக்கோ பஸ்ஸில் நுவரெலியா ஏறினாலே காது அடைத்துவிடும். கொழும்பில் இதைப் பெற்றவர்கள், முன்னதாகக் காதையும் நுரையீரலையும் பரிசோதித்தார்களா, வைத்தியர் உடனிருந்தாரா, உண்மையில் பலன் தெரிந்ததா என்பதை அறியத்தந்தால் நன்றியுடையேன்.