கோப்புகளை அழித்தும் "நினைவகம் போதவில்லை" என்று வருகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். கணினிக்கு நான் புதியவள். விண்டோஸ் 10 உள்ள மடிக்கணினி. பிரவுசரில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே, நினைவகம் குறைவாக இருப்பதாக ஒரு எச்சரிக்கை வருகிறது. பழைய படங்களையும் வீடியோக்களையும் அழித்தேன், பலனில்லை. சி டிரைவில் 300 ஜிபிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: பெட்டியில் 500 ஜிபி என்றிருக்கிறது, கணினி 465 என்கிறது. மீதி எங்கே?

பதில் 1:
அம்மா, தயவுசெய்து இனி ஒரு படத்தைக்கூட அழிக்காதீர்கள். அந்த எச்சரிக்கைக்கும் உங்கள் படங்களுக்கும் தொடர்பில்லை.

படங்கள் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். மின்சாரம் போனாலும் அவை அழியாது. எச்சரிக்கை பேசுவது ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தைப் பற்றி. எந்த மென்பொருளைத் திறந்தாலும் அது ரேமில் ஏறித்தான் ஓடும். கணினியை அணைத்ததும் ரேம் காலியாகிவிடும். இரண்டையும் ஜிபியிலேயே அளப்பதால் புதிதாகப் பழகுகிற எல்லோரும் இங்கே தடுமாறுவார்கள்.

மீதி 35 ஜிபி எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபியாக எடுத்துக்கொள்கிறது. 50,000 கோடியை அதனால் வகுத்துப் பாருங்கள், 465 சொச்சம் வரும்.

எச்சரிக்கை வரும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ், பிறகு மெமரி. அங்கே "கமிட்டட்" என்பதன் கீழ் உள்ள எண்களை எழுதுங்கள்.

கேட்டவர்:
3.7/3.9 ஜிபி என்று இருக்கிறது. மொத்த ரேம் 4 ஜிபி.

பதில் 2:
இந்த எண்ணில்தான் விடை இருக்கிறது. ரேம் நிரம்பும்போது விண்டோஸ் அதில் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்கில் உள்ள பேஜிங் ஃபைலுக்கு மாற்றிவைக்கும். அதனால் இரண்டும் சேர்ந்த கமிட்டட் வரம்பு, அதாவது நீங்கள் எழுதிய இரண்டாவது எண், ரேமைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உங்களுக்கு வெறும் 3.9 என்றால், பேஜிங் ஃபைலை யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள். வேகம் கூடும் என்று நம்பிச் சிலர் இப்படிச் செய்கிறார்கள். 4 ஜிபி ரேமில் இது பெருந்தீங்கு.

சிஸ்டம் அமைப்புகளில் அட்வான்ஸ்டு, பெர்ஃபாமன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி என்று போங்கள். மேலே "ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்" என்று தொடங்கும் வரிக்கு டிக் போட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேட்டவர்:
டிக் இல்லாமல்தான் இருந்தது, போட்டுவிட்டேன். இப்போது வரம்பு 7.4 என்று காட்டுகிறது, எச்சரிக்கை வரவில்லை. மிக்க நன்றி ஐயா. ஆனால் பக்கங்கள் கூடினால் கணினி திணறுகிறது.

பதில் 1:
திணறத்தான் செய்யும் அம்மா. ஹார்டு டிஸ்க்கின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. நிரந்தரத் தீர்வு ரேமைக் கூட்டுவதுதான். அதே மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ற வரி 1 ஆஃப் 2 என்றிருந்தால் ஓர் இடம் காலியாக இருக்கலாம். சில மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஆகவே மாடல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்று ரேமில் வகைகள் உண்டு; இரண்டின் விளிம்பிலும் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.