மீனுக்கு ‘ஆட்சேர்ப்பு’ பொருந்தாது, ‘இளவரவு’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

கெளிற்று மீன் குடித்தொகை பற்றிய கைநூல் வரைவில் ‘றெக்ரூட்மென்ட்’ என்பதை ‘ஆட்சேர்ப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். மாற்றியே ஆக வேண்டும். ஆட்சேர்ப்பு என்றால் சேர்ப்பவர் ஒருவர் வேண்டும். மலையகத்தில் அந்தச் சொல் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியைத்தான் நினைவூட்டும். மீனை யாரும் சேர்ப்பதில்லை. முட்டை பொரிப்பதையும் இது குறிக்காது. ஆயிரக்கணக்கான முட்டைகளில் தப்பிப் பிழைத்து, வலையில் படும் அளவுக்கு வளர்ந்து, பிடிபடக்கூடிய இருப்போடு வந்து கலக்கும் மீன்களின் எண்ணிக்கையே இது. தோட்டத்தில் பிறந்த அன்றே பிள்ளைக்குச் செக்ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவில்) பேர் விழுவதில்லையே, அப்படி.

‘சேர்வு’ எனலாம், பாடசாலை இரசாயனத்தின் ‘சேர்வை’ (கொம்பவுண்ட்) குறுக்கே நிற்கிறது. எனக்கு ‘இளவரவு’ பிடித்திருக்கிறது. 1931இல் மீன்வள ஆய்வாளர் ரசல் தந்த சமன்பாடே வரவு செலவுக் கணக்குத்தான்: இருப்பின் எடையோடு இளவரவையும் வளர்ச்சியையும் கூட்டி, பிடிப்பையும் இயற்கை இறப்பையும் கழித்தால் அடுத்த ஆண்டு இருப்பு.

தம்பி,

‘இளவரவு’ நல்ல சொல், வைத்துக்கொள்வோம். ஆனால் வரைவில் அதன் வரையறை ‘வலைக்கண்ணில் நிற்கும் அளவை எட்டுதல்’ என்றிருக்கிறது. திலாப்பியாவுக்கு அது சரி; உடற்பருமனால் செவுளடியில் மாட்டும். கெளிறு அப்படியல்ல. முதுகு முள்ளையும் இரு பக்கச் செட்டை முள்ளையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். பக்க முள்ளின் பின்விளிம்பில் அரம் போலப் பற்கள். ஒரு நூல் அதில் சுற்றினால் போதும், கண்ணுக்குள் நுழைந்து போயிருக்க வேண்டிய சிறு மீனும் தொங்கும். நீர்த்தேக்க வலைக்குரிய 8.5 செ.மீ. கண் விதி கெளிற்றுக் குஞ்சையும் காக்கும் என்று எழுதிவிடாதீர்கள். கண் அளவைக் கொண்டு முதற்பிடிப்பு நீளத்தைக் கணித்தாலும் பிழைக்கும்.

மாதாமாதம் பட்ட மீனை 1 செ.மீ. வகுப்புகளாக அளந்து, செவுளில் பட்டதா முள்ளில் பட்டதா என்று தனி நிரலில் குறிக்கச் சொல்லுங்கள். பிடிபடும் வாய்ப்பு பாதியை (50%) எட்டும் நீளமே முதற்பிடிப்பு நீளம்; இங்கே அதையே இளவரவு நீளமாகக் கொள்ளலாம். அது முதிர்ச்சி நீளத்துக்குக் கீழே இருந்தால், ஒரு தடவைகூட முட்டையிடாமல் மீன் வலைக்குப் போகிறது.

வயதைக் கணிப்பதிலும் ஒரு பொறி. பக்க முள்ளை அடியில் மெல்லிசாக வெட்டி ஆண்டு வளையம் எண்ணும்போது, மீன் வளர வளர நடுத்துளை அகன்று முதல் வளையத்தைத் தின்றிருக்கும். ஒரு வயது குறையும். கொத்மலை போன்ற மின்சார நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் சட்டென்று இறங்கிக் கரையோரப் புல்லில் ஒட்டிய முட்டை காய்ந்த ஆண்டு ஒன்றாயிருக்க, அந்த இழப்பு கணக்கில் வேறோர் ஆண்டின் பேரில் ஏறும்.

சரி ஐயா, வரையறையைத் திருத்துகிறேன். கிளைச்சொற்கள்: வளர விடாமல் பிடிப்பது ‘வளர்முன் மிகைபிடிப்பு’, தாய்மீன் குறைந்து இளவரவே சரிவது ‘இளவரவு குன்றும் மிகைபிடிப்பு’. பொரிப்பகக் குஞ்சைக் கொண்டுவந்து விடுவது ‘குஞ்சு இடல்’, அது இளவரவு ஆகாது. அந்தக் குஞ்சும் வலைக்கு எட்டிய பிறகே கணக்கில் வரும்.

தம்பி, முதலாவதான வளர்முன் மிகைபிடிப்புக்குப் பரிகாரம் ‘பெரிய கண்’ என்று பொதுவில் போடுவார்கள். கைநூலின் கெளிற்றுப் பகுதியில், மழை தொடங்கியதும் கரையோரப் புற்பகுதியில் வலை விரிக்காதிருத்தல் என்று போடுங்கள். இரண்டாவதான இளவரவு குன்றும் மிகைபிடிப்புக்கு வலைகளின் எண்ணிக்கையே குறைய வேண்டும்.