வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் கடலுக்குப் போய்விடுகிறது: இணைய வகுப்பை எப்படி அமைப்பது?

கேள்வி: கணித ஆசிரியர், இராமேஸ்வரம் தீவு

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் திங்கள், புதன், சனி மாலை 7 மணிக்கு நேரலை வகுப்பு தொடங்கினேன். முதல் வாரம் 38 பேரில் 30 பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் 11 பேர்தான். அக்கறை இல்லையோ என்று எண்ணி வருத்தப்பட்டேன். பிறகுதான் விளங்கியது: அந்த மூன்று நாட்களும் இங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள். படகு மறுநாள் காலையில்தான் கரை திரும்பும், வீட்டிலுள்ள ஒரே கைபேசி அப்பாவோடு போய்விடும். முதல் வாரம் காற்று பலமாக இருந்ததால் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, படகுகள் கரையிலேயே நின்றன; வருகை நன்றாக இருந்ததற்கு அதுவே காரணம். வகுப்பை வேறு நாட்களுக்கு மாற்றினால், அந்த நாட்களில் கடலுக்குப் போகும் நாட்டுப்படகுக் குடும்பத்துப் பிள்ளைகள் விடுபடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடப் படங்களை இரவு 11 மணிவரை திருத்துகிறேன். ஆண்டு முழுவதும் இப்படி என்னால் ஓட முடியாது. எல்லாப் பிள்ளைகளையும் எட்டுவதாகவும், ஆசிரியரும் தாக்குப்பிடிக்கக் கூடியதாகவும் ஒரு முறையை எவரேனும் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில் 1: கணித ஆசிரியை, மண்டபம் பகுதி

ஐயா, எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் முதலில் கைவிட வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேர நேரலைக் காணொலிக்கு 450 எம்.பி. தீர்ந்துவிடும். 32 கிலோபிட் தரத்தில் 10 நிமிட ஒலிப்பதிவு 2.4 எம்.பி.தான். படகு கரை சேர்ந்ததும், பிள்ளை பள்ளிக்குக் கிளம்புவதற்குள் அது கைபேசியில் இறங்கிவிடும். அதன்பின் இணையமே தேவையில்லை.

கணிதத்தை ஒலியில் எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். ஒரு தாளைப் பள்ளியிலேயே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறேன். இறக்கக்கோணப் பாடத்துக்கான தாளில் ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு படகும் மட்டும் இருக்கும். ஒலியில், “விளக்கின் உச்சியில் பென்சிலை வை. கடலை நேராகப் பார்ப்பதுபோல ஒரு படுக்கைக் கோடு இழு. படகைப் பார்க்க அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எவ்வளவு தாழ்த்துகிறாயோ, அந்தக் கோணத்தைக் குறி” என்று சொல்லிவிட்டு 20 நொடி பேசாமல் இருப்பேன். பலரும் அதை விளக்கின் சுவரோடு சேர்த்துக் குறித்துவிடுவார்கள் என்பது வகுப்பறையில் கண்ட அனுபவம். ஆகவே, “சுவரோடு குறித்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி கேள்” என்று அடுத்த வாக்கியம் வரும். புரியாத பிள்ளை கூச்சமில்லாமல் நான்கு முறை கேட்கலாம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொண்டி

தம்பி, உங்கள் உடல்நலத்தையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். 38 படங்களையும் திருத்த வேண்டாம். ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து, வந்த விடைகளில் திரும்பத் திரும்பத் தென்படும் பிழை எதுவோ, அதைப் பற்றி மட்டும் மூன்று நிமிடம் பேசி அனுப்புங்கள். கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் காணொலிகள் இருக்கின்றன. பொது விளக்கத்தை அங்கே விட்டுவிட்டு, உங்கள் பிள்ளைகள் தடுமாறும் இடங்களுக்கு மட்டும் உங்கள் குரலைச் செலவிடுங்கள். பக்கத்துப் பள்ளிகளில் நான்கைந்து பேர் அலகுகளைப் பங்கிட்டுப் பதிவு செய்தால், அடுத்த ஆண்டும் அதையே பயன்படுத்தலாம்.

மீன்பிடித் தடைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுக்காரர் வீட்டில் கைபேசி இருக்கும், ஆனால் வருமானம் இல்லாததால் ரீசார்ஜ் இருக்காது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கான பதிவுகளை அதற்கு முன்பே மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும். பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியிடமும் வாரம் அரை மணி நேரம் ஒதுக்கித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். வானொலிக்கு டேட்டா வேண்டாம்.

பதில் 3: கல்லூரி மாணவி, ஏர்வாடி அருகே

ஐயா, 2020இல் பள்ளி மூடியபோது நான் எட்டாம் வகுப்பு. அம்மா கடல்பாசி எடுக்கப் போய்விடுவார்; தம்பியைப் பார்த்துக்கொள்வதும் சமையலும் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் கைபேசி கரையில்தான் இருந்தது, ஆனால் அண்ணன் கையில் இருந்தது. ஒலிப்பதிவு நல்ல வழிதான், என்றாலும் அன்று அது என்னை வந்து சேர்ந்திருக்காது. அறிவியல் டீச்சர் வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டு அத்தையின் எண்ணுக்கு அழைத்து ஐந்து நிமிடம் என்னோடு பேசுவார். அந்த அழைப்புக்காகத்தான் நான் புத்தகத்தைத் திறந்தேன். ஆகவே நேரடிப் பேச்சை அடியோடு விட்டுவிடாதீர்கள். வீட்டில் கைபேசி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். எத்தனை மணிக்கு உன் கைக்கு வரும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கை சொன்னபடி இன்று வகுப்பில் பெயர் எழுதிய சீட்டு வாங்கினேன். ஒன்பது பெண்பிள்ளைகள் இரவு 9 மணிக்கு மேல் என்று எழுதியிருந்தார்கள். நால்வர் ‘கிடைக்காது’ என்று எழுதியிருந்தார்கள். அந்த நால்வரும் மதிய இடைவேளையில் பள்ளியின் ஹைடெக் லேபில் ஒலிப்பதிவைக் கேட்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மண்டபம் ஆசிரியை அவர்களே, உங்கள் இறக்கக்கோணத் தாளை இங்கே பகிர இயலுமா? வியாழக்கிழமை அதிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.