கோத்தகிரியில் தேரை வளர்ப்பு: எட்டு நாட்களாக எதையும் உண்ணவில்லை

கோத்தகிரி வாசகி:
வணக்கம். கார்த்திகை மழை விட்ட மறுநாள், வீட்டுக்குப் பின்னாலுள்ள பீன்ஸ் பாத்தியில் உள்ளங்கை அளவுத் தேரை ஒன்று கிடைத்தது. ஒன்பது வயது மகள் விடாப்பிடியாகக் கேட்டதால், பழைய மீன் தொட்டியில் கூழாங்கற்களைப் பரப்பி, குழாய்த் தண்ணீரை ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, அதில் விட்டோம். செத்த ஈ, சோற்றுப் பருக்கை, நறுக்கிய மண்புழு என எதைப் போட்டாலும் தொடவில்லை. பகலெல்லாம் கண்ணாடி மூலையை முட்டிக்கொண்டிருக்கிறது. என் மாமியாரோ, தொட்டால் மரு வரும் என்று குழந்தையைத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை. என்ன செய்யலாம்?

குன்னூர் பழையவர்:
அம்மா, முதலில் அந்தத் தண்ணீரை அகற்றுங்கள். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. எனவே பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரில் அதை நாள் முழுக்க உட்கார வைப்பது, அந்த மருந்தை அதற்குப் புகட்டுவதற்குச் சமம். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரையோ மழைநீரையோ ஆழமில்லாத தட்டில் வைத்து, தினமும் மாற்றினால் போதும். கூழாங்கல்லுக்குப் பதிலாக, உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணுடன் தென்னை நார்த்தூளைக் கலந்து நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். ஒளிய இடமில்லாத தேரை கண்ணாடியைத்தான் முட்டும். தொட்டிக்குக் காற்றுப் புகும் வலைமூடி அவசியம்.

மரு வருவது வெறும் நம்பிக்கை. ஆனால் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நஞ்சு உண்டு; கை கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் எரியும், கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். கையில் எடுத்தால் அது நீர் விடுவதைக் கவனித்திருப்பீர்கள். சேமித்து வைத்த தண்ணீரைத்தான் அப்படி இழக்கிறது. ஆகவே அடிக்கடி எடுக்க வேண்டாம்.

கொடைக்கானல் ஆசிரியர்:
கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கப்படும் என்பார்கள். கண்ணாடிக்குள் தேரைக்கு நாம்தான் அளக்க வேண்டும். அசையாத எதையும் அது பொதுவாக இரையாகவே கருதாது. சுவர்க்கோழி, சிறு வெட்டுக்கிளி, முழு மண்புழு ஆகியவற்றை உயிரோடு, மாலை மங்கிய பிறகு விடுங்கள். அதன் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய இரை வேண்டாம். நெடுநாள் வளர்ப்பதானால் இரையின் மேல் கால்சியம் பொடி தூவ வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு வலுவிழக்கும். விழுங்கும்போது அதன் கண்கள் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளும். அதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காத காட்சி.

இன்னொன்று, நம் மலைக் குளிரில் தேரையின் உடலும் குளிர்ந்து பசி மந்தமாகிவிடும். தொட்டியைச் சமையலறைச் சுவரோரம் வையுங்கள்; மேலே பல்பு தொங்கவிட்டால் தோல் உலர்ந்துவிடும்.

தோட்டத்து மனிதர்:
முன்னவர்கள் சொன்னதை மறுக்கவில்லை; ஆயினும் இது வளர்ப்புக்கெனப் பிறந்த தேரையன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தேரை இனங்களைச் சமவெளியிலும் காணப்படும் சாதாரணத் தேரையிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணைகளும் 2022 திருத்தத்தில் மாறியுள்ளதால், வைத்துக்கொள்வதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விடுவதானால் எடுத்த பாத்தியிலேயே விட வேண்டும், வேறெங்கும் கூடாது. தவளை, தேரைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை குளிர்ந்த ஈரத்தில் செழிப்பது. தொட்டித் தண்ணீரை ஓடையில் கொட்டுவதும் அதனால்தான் தவறு. பாத்தியோரம் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து, மருந்தடிப்பதை நிறுத்தினால், தொட்டியில்லாமலே தேரை உங்களிடம் தங்கும்.

கோத்தகிரி வாசகி:
மூவருக்கும் நன்றி. மண்ணும் சட்டியும் வைத்த மூன்றாம் இரவு, மண்புழுவின் ஒரு முனையைக் கவ்வி, மறுமுனையை முன்னங்கையால் வாய்க்குள் திணித்தது. கண்கள் அமிழ்ந்ததை மகள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். ஞாயிறன்று அதே பீன்ஸ் பாத்தியில் விட்டோம். உடைந்த பூந்தொட்டியையும் அங்கேயே கவிழ்த்து வைத்திருக்கிறோம். நேற்று மாலை அதனடியில் இரண்டு கண்கள் தெரிந்தன.