வாட்ஸ்அப் குழு: கந்தப்பளை வீட்டார்

ராணி அத்தை: ஞாயிற்றுக்கிழமை பரிசத்துக்கு யார் யார் எப்படி வருகிறீர்கள்? இன்றே சொல்லுங்கள். சமையல்காரர் ஆள் கணக்குக் கேட்கிறார்.

சுரேஷ் (கொழும்பு): நாங்கள் நான்கு பேர். நேரே கம்பளைக்கு.

கண்ணன்: வேனில் இடம் இல்லை அத்தை. நானும் அம்மாவும் பெரியப்பாவின் ஸ்கூட்டரில் வருகிறோம்.

ராணி அத்தை: அண்ணனுடைய பர்க்மேனா? அது இன்னும் ஓடுகிறதா?

கண்ணன்: பொத்தானை அழுத்தியதும் பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஒயிலும் மாற்றிவிட்டேன்.

செல்வம் சித்தப்பா: பிரேக் ஒயில்?

கண்ணன்: அது பெரியப்பா மாற்றியிருப்பார்.

செல்வம் சித்தப்பா: அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும், வண்டி சும்மா நின்றாலும் சரி. அந்த ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கந்தப்பளைப் பனியில் கேட்கவே வேண்டாம். டொட் 4 என்ற ரகப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஒயில் 155 தாங்கினால் போதும் என்றுதான் அதே விதி சொல்கிறது. நீ வரப்போவது நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை வழியாக. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் சூடேறி ஒயில் கொதிக்கும், குழாயில் குமிழி கட்டும். அப்புறம் லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டும், வண்டி நிற்காது. பின்னால் அண்ணி உட்கார்ந்திருப்பார்.

தேவி (கட்டார்): சித்தப்பா பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார் 😀

செல்வம் சித்தப்பா: சிரி அம்மா. தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவன் வேறு என்ன பேசுவான்? கண்ணா, லீவருக்குப் பக்கத்தில் பிரேக் ஒயில் தொட்டியில், உள்ளே ஒயில் தெரியும்படி சின்னக் கண்ணாடி வட்டம் இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடு.

கண்ணன்: [படம்]

செல்வம் சித்தப்பா: பார்த்தாயா, சாயத்தண்ணீர் நிறம். புது ஒயில் இளமஞ்சளாக இருக்கும். முன், பின் இரண்டையும் மாற்று.

லட்சுமி அம்மா: செல்வம், கராஜில் கொடுத்துவிடலாமா?

செல்வம் சித்தப்பா: வீட்டிலேயே செய்யலாம் அண்ணி. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இருக்கும் நிப்பிளை, அதாவது ஒயில் வெளியேறும் சின்னத் திருகை, கொஞ்சம் திறந்து பழைய ஒயிலை விட வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். முன்னால் விட்டால் காற்று உள்ளே போய்விடும். மேலே தொட்டி வற்றவும் விடக் கூடாது. முத்திரை உடையாத புது டப்பாதான் வாங்க வேண்டும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு, இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

கண்ணன்: சரி சித்தப்பா. கியர் ஒயிலும் எஞ்சின் ஒயிலும் ஒன்றுதானா?

செல்வம் சித்தப்பா: பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது தனி ஒயில், தனி நட்டு. எந்த ஒயில், எவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கும். புத்தகம் எங்கே?

கண்ணன்: சீட்டுக்கு அடியில் இல்லை.

ராணி அத்தை: புத்தகம் என்னிடம் இருக்கிறது. வண்டியை எங்கள் பையனுக்குத் தருவதாக அண்ணன் என்னிடம் சொன்னார். அதை யாரும் பேச மாட்டீர்கள்.

லட்சுமி அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுரேஷ் (கொழும்பு): அத்தை, பரிசம் முடியட்டும். பிறகு உட்கார்ந்து பேசுவோம்.

ராணி அத்தை: மூன்று வருடமாக இதையேதான் சொல்கிறீர்கள்.

தேவி (கட்டார்): கந்தப்பளையில் கரட் என்ன விலை? இங்கே கொள்ளை விலை.

கண்ணன்: அக்கா, இப்போது அதுவா?

செல்வம் சித்தப்பா: ராணி, புத்தகத்தில் கியர் ஒயில் பக்கத்தையும் டயர் காற்றுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. மற்றதை நேரில் பேசுவோம்.

ராணி அத்தை: [படம்] [படம்]

ராணி அத்தை: உங்களுக்காக இல்லை. அண்ணி பத்திரமாக வர வேண்டும்.

லட்சுமி அம்மா: நன்றி ராணி.

செல்வம் சித்தப்பா: காற்றை வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார். இருவர் போகும் அளவு தனியாகப் போட்டிருக்கிறது, அதை எடு. டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட் எவ்வளவு மீதி இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார். நடுவில் உள்ள கோடு மறைந்திருந்தால் புதிது போட வேண்டும். பேட்டிலும் டிஸ்கிலும் எண்ணெய்க் கை படக் கூடாது. பின் சக்கரத்தை ஓட்டும் பெல்ட்டின் மூடியை நீ கழற்றாதே, அதை நான் பார்க்கிறேன். வெடிப்பு இருந்தால் வழியில் அறுந்துவிடும்.

கண்ணன்: இறக்கத்தில் கியரைக் குறைக்க முடியாதே, என்ன செய்வது?

செல்வம் சித்தப்பா: சரியாகக் கேட்டாய். இது மோட்டார் சைக்கிள் இல்லை, தானாக மாறும் வண்டி. வேகம் ரொம்பக் குறைந்தால் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, வண்டி தானாக உருளும். அந்த நேரத்தில் பிரேக் மட்டும்தான் துணை. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள், பிறகு விட்டுவிடு. தொடர்ந்து பிடிக்காதே. லீவர் இலகுவாகப் போவது போலத் தெரிந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடு. றம்பொடையில் தேநீர் குடித்தால் குடி முழுகிவிடாது.

சுரேஷ் (கொழும்பு): அம்மாவுக்கும் ஹெல்மெட். இன்சூரன்ஸ் இருக்கிறதா?

கண்ணன்: பார்க்க வேண்டும்.

சுரேஷ் (கொழும்பு): பார்க்க வேண்டுமா??

ராணி அத்தை: அண்ணி பட்டுச் சேலையோடு அந்த வண்டியில் ஏற வேண்டாம். முந்தானை சக்கரத்தில் போய்விடும்.

லட்சுமி அம்மா: சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வந்து அங்கே உடுத்துகிறேன்.

செல்வம் சித்தப்பா: சனிக்கிழமை மத்தியானமே புசல்லாவைக்கு வந்துவிடுங்கள். பெல்ட்டைப் பார்த்துவிட்டு மூவரும் காலையில் போவோம்.

கண்ணன்: மூவரா? ஒரு ஸ்கூட்டரிலா?

செல்வம் சித்தப்பா: நான் பஸ்ஸில்.

ராணி அத்தை: தாய்மாமன் பஸ்ஸில் வந்து இறங்குவதா? சுரேஷ், புசல்லாவைக்கு வந்து அண்ணனை ஏற்றிக்கொள்.

சுரேஷ் (கொழும்பு): கம்பளையைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். காரில் இடமும் இல்லை. பார்க்கிறேன்.

ராணி அத்தை: அப்படியென்றால் ஆள் கணக்கு எத்தனை? தாம்பாளம் யார் கொண்டு வருகிறீர்கள்?

தேவி (கட்டார்): பழைய பித்தளைத் தாம்பாளம் கந்தப்பளையில்தானே இருக்கிறது?

கண்ணன்: ஸ்கூட்டரில் தாம்பாளமா?