ஈஸ்வரமூலி வைத்தோம், புழு வந்தது

உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் வேலியோரமாக ஈஸ்வரமூலிக் கொடி நட்டு வருகிறோம். எல்லாம் கிரிம்சன் ரோஸ் வண்ணத்துப்பூச்சிக்காகத்தான். கறுப்பு இறக்கை, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, உடம்பு நல்ல சிவப்பு. தனுஷ்கோடிச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இதன் புழு ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை வகையறாவைத் தவிர வேறு இலையில் வாய் வைக்காது. மனை போடப் புதரை வழித்தால் கொடி போகும், கொடியோடு பூச்சியும் போகும்.

நடுவது எளிது. ஐப்பசி மழையில் மணலின் உப்பு கொஞ்சம் இறங்கியதும் நாற்றை வைத்தால் பிடித்துக்கொள்ளும். கொடியைப் புழு தின்ன விடுவதுதான் பெரிய வேலை.

போன மழைக்காலம் முடிந்த சமயம், நாங்கள் கொடி வைத்த ஒரு வீட்டு அப்பத்தா வழிமறித்தார். "ஏய்யா, நீங்க வச்ச கொடியில புழு விழுந்து இலையே இல்லாமப் போச்சு. மல்லிக்கு அடிக்கிற மருந்து கெடக்கு, அடிச்சு விடவா?" எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. "வேணாம் அப்பத்தா, அதுக்குத் திங்கத்தான் வச்சதே" என்று சொல்லிவிட்டு, அவரையும் உட்கார வைத்துக் காட்டினேன். கருஞ்சிவப்புப் புழு, உடம்பெல்லாம் ஆரஞ்சு முள் மாதிரிச் சதை. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு வாடை விட்டது. இலையிலுள்ள நஞ்சு புழு உடம்பில் சேர்ந்து, பூச்சியான பிறகும் தங்கும். அதனால் பறவைகள் பெரும்பாலும் சீண்டாது. இதைச் சொன்னதும் அப்பத்தா மருந்து டப்பாவைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். பனைமட்டை வேலியில் கூட்டுப்புழு தொங்கியபோது எனக்கு முதலில் போன் போட்டதும் அவர்தான். மொட்டையான கொடியும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. ஒரு கொடி போதாது, பக்கத்தில் இரண்டு மூன்றாவது வேண்டும். இல்லையென்றால் இலை தீர்ந்து புழுக்கள் பட்டினியில் சாகும்.

வேதாளைப் பையன் ஒருவன் கறிவேப்பிலையில் இதே பூச்சி முட்டையிடுகிறது என்று ஓடி வந்தான். அது காமன் மார்மன் என்ற வேறு வண்ணத்துப்பூச்சி. அதன் பெண்களில் ஒரு வகை கிரிம்சன் ரோஸைப் போல வேஷம் போட்டுப் பறவைகளிடம் தப்பிக்கும். உடம்பைப் பாருங்கள்: மார்மனுக்குச் சிவப்பு இருக்காது.

நர்சரியில் அழகுக்கு விற்கும் ஈஸ்வரமூலிக் குடும்பத்துக் கொடிகளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பக்கம் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பூச்சி, தோட்டங்களில் வளர்த்த டச்சுமேன்ஸ் பைப் என்ற அதே குடும்பத்து அழகுக்கொடியில் ஏமாந்து முட்டையிட, அந்த இலையைத் தின்ற புழுக்கள் செத்தன. 1990-களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் அதற்குரிய காட்டுக்கொடியைத் தேடி நட்டுத்தான் அதை மீட்டு வருகிறார்கள். நாமும் நம் ஊர்க் கொடியின் விதையையே எடுப்போம்.

அப்புறம், வீட்டில் இருக்கிறதே என்று ஈஸ்வரமூலியைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும்.

சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கம் ஆடுதின்னாப்பாளை பார்த்தவர்கள் எந்த இடம் என்று எழுதுங்கள். காய் முற்றி வெடிப்பதற்குள் விதை எடுக்க நாங்களே வருகிறோம்.